படகு வடிவத் தொட்டி

"சார், கப்பல் வந்துடுச்சு. உங்க படகும் பத்திரமா வந்துடுச்சு. பேப்பர்ல படகுன்னே போட்டுடவா?" என்று துறைமுகத்திலிருந்து ஏஜென்ட் போனில் கேட்டார்.

வரி ஆலோசகர் பதறி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. படகுன்னு யாராவது போடுவாங்களா?"

"படகைப் படகுன்னு போடாம வேற என்ன சார் போடறது?"

"யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும், ஒரு பொருள் வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஊரில் அவரை எல்லோரும் 'மிச்சம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறருக்கு வரியை மிச்சம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தன் வீட்டில் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிப்பது அவர் சுபாவம். கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு தடவை படகுல போகணுங்க" என்று மனைவி ஆசைப்பட்டாள். "சீசன் முடியட்டும், பாதி விலைக்குக் கூட்டிட்டுப் போவான்" என்றார் இவர். சீசன்கள் வந்து போயின. மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். மனைவி மட்டும் இன்னும் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில் போன வருஷம் மனைவியின் தம்பி, ஏரிக்கரைக் கடையில் சொன்ன விலையை அப்படியே கொடுத்து ஒரு படகு வாங்கிவிட்டான். பேரம்கூடப் பேசவில்லை. "அக்கா, வா ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான்.

"நான் ஏறினா உங்க அத்தான் படகுலதான்டா ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள் அக்கா.

அந்த வார்த்தை மிச்சம் சாரை உலுக்கிவிட்டது. மறுநாளே வெளிநாட்டில் விலை விசாரித்தார். அதே மாதிரி துடுப்புப் படகு, கொஞ்சம் பழசு, பாதி விலை. சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் மச்சானை ஏமாளி என்று சொல்லிவிட்டு, பணத்தையும் அனுப்பிவிட்டார்.

படகுக்கு இறக்குமதி வரி எவ்வளவு என்று யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் அது அவருடைய தொழில் தர்மத்துக்கு விரோதம். "அதிகாரிங்ககிட்ட கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா பதில் சொல்லிடுவாங்க" என்பதுதான் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம். காருக்கே அவ்வளவு வரி என்றால் படகுக்குக் கேட்கவே வேண்டாம், தீட்டிவிடுவார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. உடனே ஏஜென்டைக் கூப்பிட்டார்.

"தண்ணித் தொட்டின்னு போடுங்க."

சொல்லிவிட்டு மிச்சம் சாரே துறைமுகத்துக்குப் போனார். அங்கே அதிகாரி படகை மூன்று முறை சுற்றி வந்தார்.

"முன்பக்கம் ஏன் இப்படிக் கூரா இருக்கு?"

"மூலையில வைக்கிற தொட்டி சார்."

"நடுவுல பலகை போட்டிருக்கே?"

"தொட்டி கழுவறவங்க உக்காந்து கழுவ."

"இந்த நீளக் கட்டை ரெண்டும்?"

"மருந்து போட்டாக் கலக்கணுமே சார்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக மிச்சம் சார் பேசிக்கொண்டே போனார். கடைசியில் அதிகாரி தொட்டிக்கு உண்டான வரியைப் போட்டார். அதுவே கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. தொட்டிக்கே இவ்வளவு என்றால் படகுக்கு எவ்வளவு தீட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது மிச்சம் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. சிரித்துக்கொண்டே கட்டினார்.

"தொட்டியை வீட்டுல பொருத்தினதும் எங்க ஆளுங்க வந்து பார்ப்பாங்க. பொருத்தாம வேற எதுக்காவது பயன்படுத்தினா அபராதம்" என்றார் அதிகாரி.

மிச்சம் சாரின் சிரிப்பு அங்கேயே நின்றது. நேராக ஏரிக்குப் போக வேண்டிய லாரியை வீட்டுக்குத் திருப்பினார்கள். படகு கேட்டுக்குள் நுழையவில்லை. சுற்றுச்சுவரில் ஒரு பக்கத்தை இடித்து உள்ளே இழுத்தார்கள். மனைவி நல்ல புடவை கட்டி, கையில் கூடையும் குடையுமாகத் தயாராக வாசலில் நின்றாள்.

"ஏரிக்கு எப்பங்க கிளம்பறோம்?"

"தொட்டியைப் பார்க்க ஆள் வருவாங்க. வந்து போகட்டும்."

"எந்தத் தொட்டிங்க?"

"இதுதான்."

மனைவி படகைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

தொட்டி என்றால் குழாய் வேண்டுமே. பிளம்பர் வந்தார். மேலே தண்ணீர் விழ ஒரு குழாய் மாட்டினார்.

"தண்ணி வெளிய போக அடியில ஒரு ஓட்டை போடணும் சார்."

"போடாம முடியாதா?"

"வந்து பார்க்கறவங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. சின்ன ஓட்டைதான். மூடி போட்டுத் தரேன்." டிரில்லை எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். "படகுல ஓட்டை போடுன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்டச் சொன்னதில்லை சார். நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிக்கற வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா. நீ போடு" என்றார் மிச்சம் சார். டிரில் இறங்கியபோது தன் பல்லில் இறங்கியது போல முகத்தைச் சுளித்தார்.

தண்ணீரை நிரப்பினார்கள். கனம் தாங்காமல், படகுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகள் மண்ணில் இறங்கின. படகு ஒருக்களித்துச் சாய்ந்து, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் பக்கத்து வீட்டு வரவேற்பறையில் கொண்டுபோய்க் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரருடைய சோபாவுக்கு இவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இனிமேல் சாயக் கூடாது என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, படகைச் சுற்றி இடுப்பளவுக்குச் செங்கல் கட்டி, சிமென்ட் பூசினார். தண்ணீர் தேங்கியதும் கொசு வந்தது. தெருவே சண்டைக்கு வந்தது. கொசுவை ஒழிக்க மீன் வாங்கி விட்டார்.

மச்சான் பார்க்க வந்தான். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அத்தான், நாங்கல்லாம் மீனுக்கு மேல படகை விடுவோம். நீங்க படகுக்குள்ள மீனை விட்டிருக்கீங்க."

"நீ உன் வேலையைப் பாருடா."

"அக்காவையாவது என்கூட அனுப்புங்க. பாவம், எத்தனை வருஷமா ஆசைப்படுது."

"நான் வரலைடா" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. குரலில் பழைய தெம்பு இல்லை.

அன்றைக்கு மிச்சம் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் வரி யோசனை சொல்கிறவன், சொந்தப் படகுக்குத் தன் கையாலேயே சமாதி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் பரவாயில்லை, குரங்காவது நாலு மரம் ஏறும். இது ஒரு அடிகூட நகராது. இவரை நம்பி ஆலோசனை கேட்கிறவர்களை நினைத்து அவருக்கே பரிதாபமாக இருந்தது.

ஒருவழியாக ஆய்வாளர் வந்தார். டேப் பிடிக்க உதவியாளர் அம்மா ஒருவரும் கூட வந்தார். மிச்சம் சார் கும்பிட்டு வரவேற்று, தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார். போனவர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

படகின் நடுப்பலகையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை. தலைக்கு மேலே குடை. கால்கள் தண்ணீருக்குள். மீன்கள் விரலைக் கொத்திக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு? தொட்டிக்குள்ள என்ன பண்றாங்க?" என்றார் ஆய்வாளர்.

மனைவி கண்ணைத் திறந்தாள். நிலைமை புரிந்துவிட்டது. குடையை மடக்கிப் போட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, வெறும் கையாலேயே பக்கச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தொட்டி கழுவறேங்க. ஒரே பாசி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பொய் சொல்லி இவர் கேட்டதில்லை. இவருடைய மிச்சத்துக்காக, நல்ல புடவை நனைய, இல்லாத பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் சாருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எவ்வளவு அற்பன் நான் என்று நினைத்தார். நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அவ தேய்க்கறதை நிறுத்தச் சொல்லுங்க. இது தொட்டி இல்ல."

"என்னங்க!" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. சார், இது படகு. இவளுக்காக வாங்கின படகு. வரிக்குப் பயந்து தொட்டின்னு பொய் சொன்னேன். சுவரை இடிச்சேன், அடியில ஓட்டை போட்டேன், சுத்திச் சிமென்ட் பூசினேன், எல்லாம் அந்த வரிக்குப் பயந்துதான். படகுக்கு உண்டான வரியை இப்பவே போடுங்க. அபராதமும் போடுங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

'எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல' என்று அவர் வாயிலிருந்து வந்து மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீருக்குள் நின்றபடியே அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஆய்வாளர் திகைத்துப்போய்த் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே அந்த அம்மா கேட்டார்:

"படகுக்கு ஏது சார் வரி? தொட்டிக்குத்தானே வரி!"