ஒரு சொட்டுக் கண்ணீர்

மூன்று பெரிய வெங்காயத்தை நறுக்கி முடித்தும் கவினுக்குக் கண் கலங்கவில்லை.

"அஞ்சு வருசம் தனியா சமைச்சுப் பழகுன கண்ணுங்க. அதுக்கெல்லாம் வராது" என்றாள் கம்பெனியைக் கூட்டிப் பெருக்கும் சாமியாத்தாள்.

வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம். இணைச்சீர் சடங்குக்கு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து நிற்க வேண்டும். அக்கா மோகனப்பிரியாவோ, மூன்று மாசத்துக்கு முன் நிச்சயத்தன்று அவன் "எங்கூட்டு விசயத்துல நீ தலையிடாதே" என்று சொன்னதிலிருந்து பேசுவதில்லை. நேற்று அவளே போன் செய்தாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு உன்ற கம்பெனிக்கு வாரேன். எம்முன்னால ஒரு சொட்டுக் கண்ணீர் உடு. அப்பறம் பாக்கலாம்."

அவன் வருந்தியது நிஜம். அழத்தான் வரவில்லை. அப்பா செத்த அன்றும் பந்தலுக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவனுடையது சின்ன ரசாயனக் கம்பெனி. ஆய்வக அலமாரியில் புரோமோஅசிட்டோன் இருந்தது. முதல் உலகப்போரில் கண்ணீர்ப்புகையாக வீசி எதிரிப் படைகளைக் கதறவைத்த சரக்கு.

"லேசா மோந்தாப் போதும்" என்று மூடியைத் திருகினான். பாட்டில் வழுக்கித் தரையில் உடைந்தது.

"ஃபேனைப் போடுங்க!"

சாமியாத்தாள் போட்டாள். புகையை வெளியே தள்ளும் அந்த ஃபேனின் மோட்டார் காலையில்தான் காயில் கட்டிப் பழுதுபார்த்து வந்திருந்தது. மாட்டியவர் மின் இணைப்பில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்திருந்தார். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, மொத்த நெடியையும் ஆபீசுக்குள் தள்ளியது.

"எனக்கு எதுக்குங்க அழுவாச்சி வருது?" என்றபடி மேனேஜர் சென்னகிருஷ்ணன் ஓடிவந்து வாசல் கதவைத் திறந்தார். நெடி வாட்ச்மேன் வரைக்கும் போயிற்று.

மோகனப்பிரியாவின் கார் நின்றபோது, முற்றத்தில் ஒன்பது பேர் வரிசையாகத் தேம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் கவின். கண்ணீர் தாடை வழியாகச் சட்டையில் சொட்டியது.

"அதுக்கு ஏன்டா கம்பெனியவே அழுக வெச்சே?" என்றவளுக்கும் கண் நிறைந்தது. "செரி கண்ணு. இணைச்சீருக்கு வாரேன். மூக்கத் தொடை."

உலகப்போரில் யார் ஜெயித்திருந்தால் என்ன, பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் ஜெயித்துவிட்டான். வீங்கிய கண்களோடு சாமியாத்தாளைப் பார்த்துச் சிரித்தான்.

அக்காவின் டிரைவர் குமாரசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மணி, கெளம்பலாங்களா? போன மாசம் தெக்கக் குடுத்த இணைச்சீர் ஜாக்கெட்ட, பன்னண்டு மணிக்குள்ள போயி வாங்கோணும்னீங்களே."