பூட்டைத் திருப்பி அனுப்பும் தம்பி எழுதுவது

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் தங்கள் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும், என் மனைவியும், தங்கள் மருமகள் பொடிசும் தூக்கம் ஒன்று நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் சௌக்கியம். தாங்களும் அத்தானும் தூக்கத்தையும் சேர்த்தே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தாங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. பொம்மையாக இருக்கும் என்று பொடிசுதான் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே ஒரு பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி, நான்கு பக்கக் கடிதம். "அத்தை எதைப் பூட்டச் சொல்றாங்கப்பா?" என்று கேட்டாள். "கார் ஷெட்டைம்மா" என்றேன். ஆறு வயதுக் குழந்தையிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் தாங்கள் போட்டிருக்கும் உத்தரவுகளைப் படித்தேன். தூக்கத்தில் எழுந்து நடக்கிற பெண்ணை எட்டு மணிக்கு அறைக்குள் விட்டு வெளியே பூட்ட வேண்டும். தூக்கத்தில் பேசினால் முகத்தில் தண்ணீரை அடிக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு ஆகாது என்றால், பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் தாங்களே வந்து அவளைக் கூட்டிப்போய், இரண்டு மாதம் தங்களிடம் வைத்து 'நேராக்கி' அனுப்புவீர்கள். இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் விடுதிக்கு வார்டனாக இருக்கிறீர்கள், இதுவரை ஒரு பெண்கூட இரவில் நடந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டால், உள்ளே அவர்கள் நடந்தார்களா, ஓடினார்களா, கபடி ஆடினார்களா என்று தங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?

இது நான் இந்தக் கடிதத்தில் செய்யும் முதல் துடுக்கு. இன்னும் வரும். நான்கு மணிக்கு வரவேண்டிய மாணவர் வரவில்லை, நான் வண்டிக்குள் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன், என்னைத் தடுக்க யாரும் இல்லை. எனக்கு வயது நாற்பத்து நான்கு. இதுவரை தங்களிடம் 'முடியாது' என்று ஒரு தடவை சொன்னதில்லை. தாங்கள் சொன்ன கல்லூரியில் சேர்ந்தேன், தாங்கள் சொன்ன பாடத்தில் தோற்றேன். என் கல்யாணத்துக்குச் சட்டை எடுத்ததும் தாங்கள்தான். கழுத்துப் பட்டன் போட்டதில் மூச்சு முட்டி, படத்தில் இன்றைக்கும் முழி பிதுங்க நிற்கிறேன். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்பார்கள். குனிந்தது போதும். குழந்தையை அனுப்ப மாட்டேன். பூட்ட மாட்டேன். தண்ணீர் குடிக்கத்தான் கொடுப்பேன். தாங்கள், தாங்கள் என்று எழுதி எழுதிக் கையும் வலிக்கிறது. இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்வதானால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கோபித்துக்கொள்.

நீ இங்கே தங்கிய நான்கு நாளையும் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதில் உள்ளதை நான் மறுக்கவில்லை, இல்லாததைத்தான் சொல்ல வருகிறேன். முதல் நாள் ராத்திரி, பொடிசு உன் கட்டிலில் வந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூக்கத்தில் பேசினாள். சரி. என்ன பேசினாள்? "பதட்டப்படாதீங்க, ரோடு காலியாத்தான் இருக்கு. காலை எடுங்க." அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறி மாறி வருவதால், பள்ளிக்கூடம் விட்டதும் என் வண்டியின் பின் சீட்டில்தான் அவளுக்கு வீட்டுப்பாடம், விளையாட்டு, எல்லாம். நான் மாணவர்களுக்குச் சொல்வதையெல்லாம் பகலில் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி விநியோகம் செய்கிறாள். அவள் காலை எடுங்க என்றதும் நீ பயந்துபோய் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டாய். "அப்படித்தான். இப்ப மெதுவா விடுங்க" என்றாள், நீ மெதுவாக நீட்டினாய். இப்படியே ஐந்து நிமிடம் வண்டி ஓட்டினாய் என்று வாசல் பக்கம் நின்று பார்த்த உன் தம்பி மனைவி சொல்கிறாள். நான் நம்பவில்லை. நீ யார் பேச்சையும் அவ்வளவு நேரம் கேட்டதாக வரலாறு இல்லை.

இரண்டாம் நாள் உன் செருப்பு காணோம், பிரிட்ஜுக்குள் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக, ஒழுங்காக இருந்தது. "யார் வெச்சது?" என்று கேட்டாய். "நான் வெக்கல அத்தை" என்றாள். "பொய் வேற சொல்றியா?" என்றாய். அவள் பொய் சொல்லவில்லை அக்கா, அவளுக்குத் தெரியாது. எழுந்து நடந்தது அவள் கால், படுத்துத் தூங்கினது அவள். மூன்றாம் நாள் உன் பெட்டி. அதைப்பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. தூக்கத்தில் பாத்ரூம் என்று நினைத்துவிட்டாள், மூடியைத் திறந்து வைத்தது நீ. ஐந்து புடவையையும் நான்தான் துவைத்தேன். பச்சைப் புடவையில் சாயம் போனதற்கு மட்டும் என் மன்னிப்பு, மற்ற எதற்கும் இல்லை. ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ நடக்கிறவள் நீ வந்த நான்கு நாளும் விடாமல் ஏன் நடந்தாள்? எட்டரைக்குத் தூங்கவேண்டியவளை உட்காரவைத்து, பத்தரை வரைக்கும் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது யார்? தூக்கம் கெட்டால், அசந்துபோனால், பயந்தால் இது கூடும் என்று அவளைப் பார்க்கிற டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். பதினாறாம் வாய்ப்பாட்டில் மூன்றுமே இருக்கிறது.

நான்காம் நாள்தான் நீ எழுதாமல் விட்டது. அன்றைக்கு அவள் அம்மாவுக்கு நைட் டூட்டி. நான் கடைசி வகுப்பை முடித்து வந்து, சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கக்கூட முடியாமல் சோபாவிலேயே சாய்ந்துவிட்டேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தை அறையை வெளிப்பக்கம் தாழ் போட்டாய். தட்டுகிற சத்தத்தில் எழுந்து ஓடிப் போய்த் திறந்தேன். இருட்டில், திறக்காத கதவுக்கு முன்னால் விழிப்பு வந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கதவைப் பிறாண்டியிருக்கிறாள். இரண்டு விரலில் நகம் பிய்ந்து ரத்தம். "அப்பா, கதவு என்மேல கோவமா இருக்குப்பா, விட மாட்டேங்குது" என்றாள். நீ பின்னால் வந்து நின்று, "பாத்தியா, வெளிய போகல இல்ல?" என்றாய். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போதுமா என்று கேட்டேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தேன். குழந்தைக்காக ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லையே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு ஒரு வார்த்தைக்கு ஆயிரம் வார்த்தையாக எழுதுகிறேன்.

நாங்கள் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எட்டரைக்கு விளக்கை அணைக்கிறோம். கேஸைச் சிலிண்டரிலேயே மூடுகிறோம், கத்தி கத்தரிக்கோல் எல்லாம் பரணில், கார் சாவி என் சட்டைப் பைக்குள். மாடிப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு வைத்து அதில் சலங்கை கட்டியிருக்கிறோம். நீ வந்துபோன பிறகு தொடர்ந்தாற்போல் நடக்கிற வாரமும் உண்டு, அப்போது வழக்கமாக எழுந்திருக்கிற நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே அவள் அம்மா போய் மெதுவாகத் தொட்டு எழுப்பி மறுபடி தூங்க வைக்கிறாள், பாதி நாள் அதிலேயே அடங்கிவிடுகிறது. மீதி நாளுக்கு நான் இருக்கிறேன், அவள் அறை வாசலில் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். எழுந்து வந்தால் எழுப்புவதில்லை, அதட்டுவதில்லை. என் தொழிலே அதுதானே? புதிதாக ஓட்டுகிறவரிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் வண்டி மரத்தில் போய் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, அவர் போகிற வழியிலேயே போய் மெதுவாகத் திருப்ப வேண்டும். இதனால் எனக்குப் பகலில் தூக்கம் சொக்குவது உண்மை. போன வாரம் மாணவி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவாறே தூங்கிவிட்டேன். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால், தான் நன்றாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, சந்தைத் தெருவுக்குள் நுழைந்து, காய் வாங்கி, இரண்டு லாரிக்கு நடுவில் ஒரே திருப்பில் நிறுத்தி என்னை எழுப்பினாள். மூன்று மாதமாக வராத பார்க்கிங் அன்றைக்கு வந்தது. இப்போது மற்ற மாணவர்களும், "நீங்க கொஞ்சம் தூங்குங்க மாஸ்டர்" என்கிறார்கள். ஆக, தொழிலும் கெடவில்லை.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். 'நம் குடும்பத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது, இது உன் மாமனார் வீட்டுச் சீதனம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன் தம்பி மனைவி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். முப்பத்தெட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவன் இப்போது திறக்கிறேன். அக்கா, நடந்தது நீ.

உனக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. மச்சு வீட்டில் குடியிருந்தோமே, படிக்குக் கைப்பிடி கிடையாதே, அங்கே. நீ எழுந்து கதவைத் திறந்து படிப்பக்கம் போவாய். பத்து வயதிலேயே தூக்கத்தில், "வரிசையா நில்லுங்க, சத்தம் போடாதீங்க" என்று யாருக்கோ உத்தரவு போடுவாய். தாழ் போடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "பொண்ணு தூங்குறா, திருட்டா பண்றா, பூட்டி வெக்க?" என்றார். என்னை வாசலில் குறுக்கே படுக்க வைத்தார். நீ என் வயிற்றில் மிதிப்பாய், நான் எழுந்து உன் கையைப் பிடித்து, "வாக்கா, போலாம்" என்பேன், நீ பின்னாலேயே வந்து படுத்துக்கொள்வாய். மூன்று வருடம். காலையில் நீ, "இவன் ஏம்மா நாய்க்குட்டியாட்டம் வாசல்ல படுக்குறான், வெக்கமா இருக்கு" என்று என்னைத்தான் திட்டுவாய். "அவகிட்ட சொல்லிடாதடா, தெரிஞ்சா கண்ணை மூடவே பயப்படுவா" என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் சொல்லவில்லை. உனக்குப் பதின்மூன்று வயதில் தானாக நின்றுபோயிற்று. யாரும் உன்னை நேராக்கவில்லை, நேராகத்தான் வளர்ந்தாய், கொஞ்சம் அதிகமாகவே நேராக. அதனால் சொல்கிறேன். உன்னைப் பூட்டாத வீட்டில் வளர்ந்தவன் என் பெண்ணைப் பூட்ட மாட்டேன். அவளைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம். இந்த விடுமுறைக்கு மட்டும் இல்லை, இந்த ஜென்மத்தில் வராவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை. பூட்டும் சாவி இரண்டும் இதே பார்சலில் திரும்பி வருகின்றன, எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லவும், அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அவர் பதிலையும் வாங்கி வைக்கவும். மூத்தவள் என்ற முறையில் உன் ஆசீர்வாதம் எங்களுக்கு வேண்டும். தூரத்திலிருந்து செய்தால் போதும்.

இப்படிக்கு,
உன் சொல்லை முதல்முறையாகத் தட்டும்
தம்பி

பின்குறிப்பு: இதை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். பூட்டைப் பார்சலில் வைத்துக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன், ராத்திரி பொடிசு எழுந்து வந்து மிதித்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆறு வயதுதான், மிதிப்பதில் அத்தையைக் கொண்டிருக்கிறாள். தரையில் படுக்கக் கூடாது, மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் வீடு இடிந்தாலும் எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு இந்த மூன்று வாரமும் நைட் டூட்டி, மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. வாசலில் படுக்க ஆள் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், உன்னைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. மேலே எழுதியதைக் கிழிக்க மனசில்லை, அப்படியே அனுப்புகிறேன். படித்து, திட்டி, அழ வேண்டுமானால் அழுதுவிட்டு, விடுதிக்கு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா அக்கா. பூட்டைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன், உன் பெட்டிக்குப் போட்டுக்கொள்ளலாம். பாய் விரித்தே கிடக்கிறது. வயிற்றில்தான் மிதிப்பாள். கத்தாதே, நான் கத்தினதில்லை. கையைப் பிடித்து, "வா, போலாம்" என்று சொன்னால் போதும், பின்னாலேயே வருவாள். காலையில் அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.