புதுவரவால் வந்த வினை

மதிப்பிற்குரிய மச்சான் ஷிகெயுகி அவர்களுக்கு, சிச்சிபுவிலிருந்து யசுஹிகோ வணங்கி எழுதுவது. மழைக்காலம் பிடித்து எட்டு நாளாகிறது. கோஃபுவில் உங்கள் பீச் காய்களுக்கெல்லாம் பை கட்டி முடித்திருப்பீர்கள், மிசாவோ அக்காவின் முழங்கால் வலியும் தேவலையாகியிருக்கும். இங்கே நான் நலமில்லை. உங்கள் தங்கை தொயோமி இன்று காலை என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, என் காரையே எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள்தான் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இந்த ஃபேக்ஸ்.

நடந்ததைச் சொல்கிறேன், பாதியில் சிரிக்கக் கூடாது. என் முப்பது வருடத்து இரண்டு சீட்டுக் கார் உங்களுக்குத் தெரியும். அதன் ஆயிரத்து அறுநூறு சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு, இரண்டாயிரத்து ஐநூறு சிசி எஞ்சினை வைக்க ஆசைப்பட்டேன். தொயோமியிடம் 'சின்ன ரிப்பேர்' என்றேன். எஞ்சின் வந்த அன்று அவள் கடைக்குப் போயிருந்தாள், பேய்மழை வேறு, ஷெட் ஒழுகியதால் வாசலறையில் இறக்கிப் போர்வை போர்த்தி வைத்தேன். வேலை தொடங்கினால் சத்தம் வரும், அதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்துக்கு இனிப்புப் பெட்டி கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடுவதுதானே முறை, அதனால் இனிப்புக் கடைக்கு ஓடினேன். கடைப்பெண் "வீட்ல நல்ல காரியமா?" என்றாள். ஆமாம் என்று பல்லைக் காட்டினேன். அவள் 'எங்கள் வீட்டு மகிழ்ச்சி' என்று எழுதிய தாளைச் சுற்றிவிட்டாள். குழந்தை பிறந்தால் கொடுக்கிற தாள் அது என்று முப்பத்தைந்து வருடம் நகராட்சியில் இருந்தவனுக்குத் தெரியாதா என்பீர்கள். நான் குடிநீர்க் குழாய்ப் பிரிவு மச்சான், பிறப்பு இறப்பெல்லாம் மேல்மாடி.

பக்கத்து வீட்டு ஒனொதெரா அம்மாள் பெட்டியை வாங்கிக்கொண்டு எங்கள் வாசலறையை எட்டிப் பார்த்தாள். போர்வையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன்: "டோக்கியோவுலேர்ந்து யாருக்கும் தெரியாம கொண்டாந்தேன்மா. தொயோமிகிட்ட இன்னும் சொல்லல. இப்ப தூங்குது, ஞாயித்துக்கிழமைலேர்ந்து கத்தும், கொஞ்சம் பொறுத்துக்கங்க." தெரு முழுக்க மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. நானும் தொயோமி திரும்புவதற்குள் எஞ்சினை ஷெட்டுக்குத் தள்ளி, பிறகு காரில் பொருத்தி, பானெட் இரண்டு விரல் மூடாமல் போக அதிலும் ஓட்டை போட்டு, காருக்கான அரசாங்கச் சோதனையிலும் தேறிவிட்டேன். இன்று காலை குப்பை வைக்கும் இடத்தில் ஒனொதெரா அம்மாள் தொயோமியின் கையில் ஒரு குட்டிக் கம்பளிக் குல்லாயைக் கொடுத்து, உன் மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும், வேறொருத்தியாய் இருந்தால் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டாள் என்று கண்ணைத் துடைத்தாளாம்.

தொயோமி குல்லாயோடு வந்து நின்று, "யாரு அவ?" என்றாள். நான் பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "ஒரு பொம்பளையா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். ரிப்பேர்னு மூணு வாரம் எங்கிட்ட பொய் சொன்னீங்களே" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான் மச்சான். அவ இல்லாம எனக்கு ஒரு வேளை சோறு இறங்கல. கார் திரும்பி வந்ததும் பெரிய எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு பழசையே வச்சிடறேன்னு சொல்லுங்க, இது சத்தியம்.

உங்கள் தோட்டத்தில் ஆலங்கட்டி விழாமல், பழத்தில் புழு விழாமல், குடும்பம் முழுக்க நீடூழி வாழ வேண்டிக்கொள்ளும்,
தங்கள் தங்கை கணவன்,
யசுஹிகோ

பி.கு.: இதை ஃபேக்ஸில் வைக்கும்போது தொயோமியே கூப்பிட்டாள். மலை ஏற்றத்தில் இரண்டு லாரியைத் தாண்டினாளாம், தெரியாத ஊர் வழியெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் உங்கள் வாசலில் நிற்கிறாளாம். எஞ்சினைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். "கழட்டுனீங்கன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன்" என்றாள். ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். மதிய ரயிலில் நானே வருகிறேன். திரும்பும்போது எனக்குப் பக்கத்து சீட்டுதானாம்.