வோல்ட்டைக் குறைத்துக் கேட்டவன்

இன்றைக்கு இரண்டில் ஒன்று வீட்டை விட்டுப் போயாக வேண்டும். ஒன்று என் மனைவியின் ரைஸ் குக்கர், இல்லாவிட்டால் என்னுடைய வெந்நீர் ராடு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ட்ரிப்பர் விழுந்து வீடே இருண்டுவிடுகிறது. தலையில் சோப்பு நுரையோடு எத்தனை நாள்தான் கத்துவது? போகப்போவது குக்கர்தான். டிசம்பரில் பச்சைத் தண்ணீர் பட்டால் என் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நான் பீர் முஹம்மது. பன்னிரண்டு வயதில் ரங்கநாதன் தெருவில் கைக்குட்டை விற்கத் தொடங்கியவன். எதிராளி முதலில் சொன்னதற்குத் தலையாட்டிய சரித்திரமே கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். அஸ்மத்துன்னிசா பச்சைப் புடவை கேட்டால் நீலம்தான் வாங்கி வருவேன். கேட்டதையே கொடுத்தால் அப்புறம் நம்மை எவன் மதிப்பான்?

எலக்ட்ரீஷியன் ஷோயப் வயரைக் கவ்வும் மீட்டரோடு வந்தான்.

"பாய், ரெண்டையும் ஒரே லைன் தாங்காது. எதுனா ஒண்ண எடுத்துரு."

"குக்கரை எடு!"

"அதெப்படிங்க? கணக்குப் போட்டு முடிவு பண்ணலாம்" என்றாள் அஸ்மத்துன்னிசா. மகள் மஹ்விஷுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் சொல்லித்தருகிறவள் அவள். "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். அதை ஓம்ல சொல்வாங்க. எதுக்கு ஓம் கம்மியோ அது வீட்ல இருக்கட்டும். சரியா?"

எனக்கு மூக்கு வியர்த்தது. இது முதல் விலை!

"முடியாது! எதுக்கு ஓம் அதிகமோ, அதுதான் இருக்கும்!"

"ஐயோ, வேணாங்க. கொஞ்சம் யோசிங்க."

முகம் வாடிவிட்டது. சரியான இடத்தில் அடித்திருக்கிறேன்!

"ஒரே பேச்சு! ஷோயப், நீதான் சாட்சி. போடு மீட்டரை!"

முதலில் குக்கர்.

"இருநூத்து முப்பது வோல்ட். ரெண்டு புள்ளி மூணு ஆம்பியர்."

"நூறு ஓம்" என்று அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்து ராடு.

"பத்து ஆம்பியர் இஸ்துகினு கீது பாய்!"

"இருபத்துமூணு ஓம்."

எனக்கு ஷாக் அடித்தது. ராடைத் தொடாமலேயே.

"யோவ், எவன் சொன்னான் இருநூத்து முப்பதுன்னு? இருநூறுக்கு முடி!"

"சரிங்க, இருநூறே வச்சுக்கலாம். பத்தால வகுத்தா இருபது ஓம். இன்னும் மூணு போச்சே!"

முப்பது வருட வியாபாரத்தில் குறைத்துக் கேட்டு நஷ்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஓமை வுடு பாய்" என்றான் ஷோயப். "வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு. அதான் பவர். குக்கர் ஐந்நூத்திச் சொச்சம் வாட்டு. உன் ராடு ரெண்டாயிரத்து முந்நூறு! லைனை முழுங்கறதே இதான்."

கிண்டியில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி, கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரவழைத்து வாங்கிய ராடு. இப்போது தண்ணீர் என் கண்ணில்.

"தடை கம்மியா இருந்தா கரண்ட் அதிகமா ஓடும்ங்க." அவள் ராடைப் பழைய பேப்பரில் சுற்றினாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி ஓம் கம்மியானது இருக்கட்டும்னே?"

"அதிகமானதுன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" பச்சைத் தண்ணீர் வாளியை என் பக்கம் நகர்த்தினாள். "இருபது வருஷமா எனக்குப் பிடிச்ச புடவையை வேற எப்படி வாங்குறேன்னு நினைச்சீங்க?"

ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன்.

அடுக்கடுக்காக, அத்தனையும் நீலம்.