ஆறாம் நம்பர் எப்போதும் கீழேதான் இருந்தது

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவும் ஒரு கையைத் தவிர நலம். அங்கு நீங்கள், அண்ணன், குழந்தை மூவரும் முழு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இருக்கும்படியும், முடிந்தால் உட்கார்ந்து படிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். அக்கா விழுந்ததிலிருந்து நீங்கள் தினமும் போன் செய்கிறீர்கள், நானும் இன்று சொல்லிவிடுவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன், ஆனால் "என்னம்மா, எப்படி இருக்க?" என்று நீங்கள் கேட்டதுமே "நல்லா இருக்கேன் அண்ணி, ஒண்ணும் விசேஷமில்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. வாயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆறு வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரை நான் ஆடிய ஜிம்னாஸ்டிக்ஸில் தப்பை நாமே ஒத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால் மடங்கியதற்கு இவ்வளவு, இறங்கும்போது ஒரு அடி தள்ளாடியதற்கு இவ்வளவு என்று அவர்களே பார்த்துக் கழித்துக்கொள்வார்கள். நம் வேலை, எதுவுமே நடக்காத மாதிரி இரண்டு கைகளையும் மேலே தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பல் தெரியச் சிரிப்பது. விழுந்தவள் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரிக்க வேண்டும். இருபது வருடம் இப்படியே சிரித்துப் பழகிவிட்டது. கடிதத்தில் என் முகம் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்கு முகம் இருக்காது. முழங்கால் போய், டாக்டர் இனிமேல் போட்டியே கூடாது என்று சொன்ன பிறகு எட்டு மாதம் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. பயிற்சிப் பை அடுக்கியபடியே கதவோரம் இருந்தது. யாராவது என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் திருதிருவென்று விழித்தேன், ஏனென்றால் அதுவரை அதை முடிவு செய்தவர் கோச். நூலகத்தில் சேரலாம் என்று ஒருநாள் போய், படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தேன். அப்போது நீங்கள்தான் ஊரிலிருந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "இப்படியே உக்காந்திருந்தா உன்னைத் தூசி தட்டித்தான் எடுக்கணும். எங்க அக்கா வேலை பாக்கிற செருப்புக் கடையில ஆள் வேணுமாம், கிளம்பு" என்றீர்கள். போட்டி இருக்கிறது என்று உங்கள் கல்யாணத்துக்கே வராதவள் நான். உங்கள் ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் நான் இல்லை. அதை ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டாமல், உங்கள் சொந்த அக்காவிடம் "எங்க பொண்ணு, நான் பொறுப்பு" என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டீர்கள். அந்தப் பொறுப்புக்கு நான் செய்ததைத்தான் இனி எழுதப் போகிறேன்.

ஆரம்பத்தில் நடந்தவை சின்னச் சின்ன மானக்கேடுகள்தான். எங்கள் வழக்கப்படி, ஆட்டம் தொடங்குமுன் நடுவரைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். முதல் நாள் முதல் வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும் எனக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. அவர் கடைக்குள் கொள்ளைக்காரன் இருக்கிறான் என்று நினைத்து வந்த வழியே ஓடிவிட்டார். வாழ்நாளில் பாதி வெறுங்காலோடு இருந்தவள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஷூ போட்டு நின்றதில் இரண்டாம் நாளே கொப்புளம், மூன்றாம் நாள் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவளே வெறுங்காலோடு நிற்பதைக் கண்டு முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். அக்காதான் நடுவில் புகுந்து, "சாம்பியனுக்கு இன்னும் தரை பழகல சார், ரெண்டு நாள் விடுங்க" என்று காப்பாற்றினார்கள். அக்கா என்னைக் கூப்பிடுவது அப்படித்தான், சாம்பியன் என்று. அதில் கேலி பாதி, பாசம் பாதி. கடையில் எது எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டிச் சரியான பெட்டியை உருவுவார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் அதை வாயைப் பிளந்து பார்ப்பேன்.

கடையின் அலமாரிகள் கூரைவரை போகின்றன. மேல் தட்டுக்கு ஒரு சக்கர ஏணி உண்டு, அதில் ஒரு சக்கரம் சுற்றாது. ஒருநாள் ஏணி அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டிருக்க, ஒரு அம்மா தன் மகளுக்கு மேல் தட்டிலிருந்த சிவப்பு ஷூவைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை அண்ணி. தட்டு விளிம்பில் கால் வைத்து, இரண்டு எட்டில் மேலே போய், பெட்டியை அக்குளில் இடுக்கி, அங்கிருந்தே குதித்தேன். இரண்டு பாதமும் ஒன்றாக இறங்கின, ஒரு இம்மிகூட ஆடவில்லை. கை மேலே போனது, சிரித்தேன். அப்புறம் அந்தச் சின்னப் பெண் கை தட்டினாள், அவள் அம்மா தட்டினார், சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூடத் தட்டினார். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட கைதட்டல். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது, ஆனால் அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். "இது கடையா சர்க்கஸா? ஏணி எதுக்கு இருக்கு?" என்று அக்கா கோபித்தார்கள். முதலாளியோ, "நல்லாத்தானே இருக்கு, நாலு பேர் பாக்க வரட்டுமே" என்றுவிட்டார்.

ஆனால் மேல் தட்டில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் அது மேல் தட்டில் இருக்கிறது. இரண்டு வாரம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கீழே குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்தேன், யாரும் குனிவதற்குக் கை தட்டுவதில்லை. எனக்குக் கைதட்டல் இல்லாமல் ஒரு நாளை எப்படி முடிப்பது என்றே தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பதக்கம் வாங்கிய கழுத்து, செருப்புக் கடையில் ஒரு குழந்தையின் கைதட்டலுக்காக அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை பெருக்கித் துடைக்கிறேன் என்று அரை மணி முன்னதாகவே போய், பெண்கள் செருப்பில் அதிகம் விற்கும் ஆறாம் நம்பர் பெட்டிகளை மூன்றாம் தட்டிலிருந்து எடுத்து உச்சித் தட்டில் அடுக்கி, அங்கிருந்த ஆண்கள் ஷூக்களை அந்த இடத்தில் இறக்கினேன். அன்றைக்கு ஒன்பது தடவை ஏறினேன். மறுநாள் ஐந்தாம் நம்பரும் மேலே போனது. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் கருப்பு ஷூக்களும், அவற்றோடு ஆண்கள் பதினோராம் நம்பரும் போயின. தினமும் முன்னதாக வருகிறேன் என்று அக்கா உங்களிடம் போனில் புகழ்ந்தார்களாமே, "என்ன பொறுப்பான பொண்ணுடி" என்று. அந்தப் பொறுப்பு இதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போல வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே பின்னால் கை நீட்டி உருவினார்கள். பெட்டியைத் திறந்தால் ஆண்கள் ஷூ. கையைப் பார்த்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், "ஆறாம் நம்பர் இங்கதானே இருந்தது?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டே, "எப்பவும் மேலதானேக்கா இருந்தது" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும். அதன்பின் அக்கா பின்னால் கை நீட்டுவதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டியையும் திரும்பி, கண்ணாடி போட்டு, படித்துப் பார்த்து எடுத்தார்கள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். அடுப்பை அணைத்தேனா என்று மத்தியானத்தில் வீட்டுக்கு ஓடினார்கள். உங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்தது தனக்கும் வந்துவிட்டதோ என்று உங்களிடம் போனில் அழுதார்கள், நீங்கள் என்னிடம் "அக்காவைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றீர்கள். நான் "கவலைப்படாதீங்க அண்ணி" என்றேன். சொல்லிவிட்டு ஆறாம் நம்பர் எடுக்க மேலே ஏறினேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். போன வியாழக்கிழமை நான் முழங்காலைக் காட்ட விடுப்பில் போயிருந்தேன். யாரோ ஆறாம் நம்பர் கேட்க, அக்கா அந்தச் சுற்றாத சக்கரத்து ஏணியில் ஏறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலைச் சுற்றி உங்கள் வீட்டு ஆட்கள் நிற்க, கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் என் முகத்துக்கு இருபது வருடப் பழக்கம் வந்துவிட்டது. சிரித்தேன். பல் தெரிய. மறைக்கப் பார்த்தால் இன்னும் விரிந்தது. உங்கள் சித்தப்பா "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டது நியாயம்தான், அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் போயிட்டிருக்கு சாம்பியன். மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். என் இடத்துல நீ இரு. இப்ப எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியுது" என்றார்கள்.

அண்ணி, நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆகையால் தாங்களே தயவுசெய்து அக்காவுக்கு மறதி எதுவும் இல்லை, வந்ததெல்லாம் நான்தான் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லவும். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும். சனிக்கிழமையோடு கடையை விட்டு நின்றுவிடுகிறேன். முதலாளிக்கான கடிதமும் எழுதியாகிவிட்டது. ஞாயிறு ரயிலில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இனி இந்த ஜன்மத்தில் எதன்மீதும் ஏற மாட்டேன், பஸ் படியைத் தவிர.

அண்ணனுக்கு என் அன்பு. கடிதத்தை அவர் கண்ணில் காட்ட வேண்டாம். குழந்தைக்கு முத்தம், பெரியவளானதும் அத்தை நல்லவள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லி வைக்கவும். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், என் உதவி இல்லாமலே.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் அக்காவிடம் சொல்லச் சொன்னது, சனிக்கிழமை, ஞாயிறு ரயில், பஸ் படி எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் போடுமுன் வழக்கம்போல அக்காவுக்குத் தலைவாரிவிடப் போனேன், ஒரு கையால் அவர்களால் வார முடிவதில்லை. நான் வார வார அக்கா ஞாபகத்தைச் சோதிக்கச் சொந்தக்காரர் பெயர்களை வயது வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயரில் தடுக்கி நின்றார்கள். வரவில்லை. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, "ஆறாம் நம்பர் எப்பவும் கீழதான்க்கா இருந்தது. நான்தான் மாத்தி வச்சேன். பொய் சொன்னேன்" என்றேன்.

அக்கா திரும்பாமலே, "அப்ப எனக்கு மறதி இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்ல வைத்துவிட்டு, சீப்பைப் பிடுங்கி இடது கையால் நாலு அடி அடித்தார்கள், பழக்கமில்லாத கை என்பதால் இரண்டுதான் பட்டது. அப்புறம் சீப்பைப் போட்டுவிட்டு அழுதார்கள், நானும் அழுதேன். முதலாளிக்கு என்னையே போன் போடச் சொல்லி, வேலையை விட்டு நிற்கவில்லை என்றார்கள். அவர் காரணம் கேட்டதற்கு, "ஞாபகம் வந்துடுச்சு சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அக்கா விடவில்லை. "அனுப்பு. அவளும் பங்குக்கு ரெண்டு திட்டட்டும்" என்றார்கள்.

நாளைக் காலை எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும், ஒன்றைத் தவிர. "ஆம்பளைங்க பதினோராம் நம்பர மேலயே வச்சிடு. மாசத்துக்கு ஒருத்தர் கேட்டா அதிகம். அப்ப ஏறிக்க. யாரும் கை தட்டாம நான் பாத்துக்கறேன், நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றார்கள் அக்கா. ஒருவரும் பார்க்காவிட்டால் நான் ஏறுவேனா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அண்ணி. ஏறுவேன் என்றுதான் தோன்றுகிறது.