போன வருஷத்துக்காரர்

போன வருஷத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஒரு காரியத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் போன வருஷம் செய்திருப்பார்; அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு புதிதாக வருகிற அத்தனை பேருக்கும் பாடம் நடத்துவார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் எங்கள் மெய்ன் கடற்கரையில் குளிர்காலம் முடிந்து, பாய்மரக் கப்பல்கள் போர்வை கழற்றி, புதுச் சாயம் பூசிக்கொண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கும் ஜூன் மாதத்தில் இவரைச் சுலபமாகப் பார்க்கலாம். இந்த ஜூனில் ராக்லண்ட் துறையில் ‘அபிகெய்ல் டோன்’ கப்பலில் அப்படி ஏறியவர் நான்தான். பாங்கர் நகரில் பல் வைத்தியம் பார்க்கிறேன்.

ஏறியதும் என்ன செய்தேன்? சாயம் காயாத கைப்பிடியை உரிமையோடு பற்றினேன். பச்சைச் சாயம் ஒட்டிய உள்ளங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, எந்தப் படுக்கை ஒழுகும், சமையற்காரரிடம் இரண்டாவது கிண்ணம் மீன் சூப் எப்படிக் கேட்க வேண்டும், மூடுபனி எப்போது விலகும் என்று புதியவர்களுக்கெல்லாம் விளக்கினேன். பனி விலகவில்லை.

“போன வருஷம் விலகிச்சு” என்றேன், பனி எனக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல.

புதிதாக வந்திருந்த ஹாஸ்கல் அம்மாள் கேட்டார்: “ரொம்ப வருஷமா வர்றீங்களோ டாக்டர்?”

“பழக்கந்தாம்மா.”

பிறகு பாய் ஏற்றும் நேரம். எங்கள் கப்பல்களில் அது பயணிகளின் வேலை. வரிசையாக நின்று வடத்தை இழுக்க வேண்டும். துணைக் கேப்டன் டெசா, என் மகள் வயதுப் பெண், “நான் சொல்ற வரைக்கும் யாரும் கைய விடாதீங்க” என்றாள். இழுத்தோம். பாயும் அதன் கனமான மேல்தடியும் ஏறின. கூடவே என் குரலும் ஏறியது. தடி உச்சியை நெருங்கியபோது, போன வருஷம் இங்கேதானே நிறுத்தினோம் என்று தோன்றியது.

“போதும், விடுங்க” என்றேன்.

காலையிலிருந்து என்னிடம் பாடம் கேட்டவர்களாயிற்றே, மறுபேச்சில்லாமல் விட்டார்கள்.

வடம் சீறிக்கொண்டு ஓடியது. தடி சரிந்து இறங்கியது, நேராக ஹாஸ்கல் அம்மாளின் தலைக்கு. டெசா பாய்ந்து வடத்தைப் பிடித்து, முளைக்கட்டையில் ஒரு சுற்றுப் போட்டுச் சாய்ந்து நின்றாள். அம்மாளின் தொப்பிக்குச் சற்று மேலே தடி நின்றது. டெசாவின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

கேப்டன் லொரைன் மெல்ல நடந்து வந்தார்.

“டாக்டரே, நீங்க ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கிட்டிருக்கறப்ப, போன வருஷம் பல்லு பிடுங்கிக்கிட்ட ஆளு வந்து இடுக்கியக் கையில எடுத்தா விடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப கீழ போயி உருளைக்கிழங்கு தோல் சீவுங்க.”

போகுமுன் டெசாவிடம் சென்று, கையைக் காட்டம்மா, கட்டுப் போடுகிறேன் என்றேன். நீட்டினாள்.

“போடுங்க. பேசாம போடுங்க.”

போட்டேன். வாழ்நாளில் நான் வாயைத் திறக்காமல் செய்த ஒரே வைத்தியம் அதுதான்.

கரையிறங்கிய அன்று, அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தவர்களிடம் ஹாஸ்கல் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்: “தடிக்குக் கீழ நிக்காதீங்க. நாங்கெல்லாம் பார்த்தவங்க.”

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் என்றாவது ஒரு துறைமுகத்தில் பாய்மரக் கப்பலைக் காண்பீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம், “இதுல வடத்தச் சட்டுனு விடக் கூடாது, தெரியுமா?” என்று ஆரம்பிப்பீர்கள். நானாவது போன வருஷம் ஒரு தடவை போயிருந்தேன்.