பெண்ணின் அப்பாவுக்குக் காட்டிய இரண்டு நிலா

எனக்குத் தெரியாத விஷயத்தில்தான் எனக்கு வாய் நீளும். இதை ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆனது.

அப்போது நெய்யாற்றின்கரையில் பாரலல் காலேஜ் என்று சொல்லும் ஒரு தனியார் டுடோரியலில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆசை ஆசையாக வாங்கிய பெரிய பைனாகுலர் ஒன்று இருந்தது. கைக்குழந்தை கனம் (குழந்தையாவது சில நேரம் தூங்கும்). பழைய கேமரா ஸ்டாண்டில் மாட்டினால் தலையைத் தொங்கப்போடும். ஒருநாள் ஸ்டாண்டோடு சாய்ந்து மாடிச் சுவரில் மோதியது. ஒன்றும் ஆகவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதிலிருந்த திருகாணிகளையும் நானே திருகி வைத்தேன்.

மறுமாதம் ஜெஸியின் அப்பா குன்னத்துகாலில் எங்கள் வீடு காண வந்தார். பனச்சமூட்டில் டயர் கடை வைத்து, கார்களுக்கு வீல் அலைன்மெண்ட் பார்ப்பவர். ஜெஸியும் நானும் விரும்புவது அவருக்குத் தெரியும். அவர் சம்மதம் மட்டும்தான் பாக்கி. வீட்டில் காட்டிப் பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால், சாயா குடித்ததும் மாடிக்குக் கூட்டிப்போனேன். அந்திக்கு அரை நிலா நின்றது.

வெகுநேரம் பார்த்தார். “மக்கா, ரெண்டு நிலாவு உண்டே.”

நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. (கூடவே தலைவலியும் வரும். அந்தப் பழியை விடைத்தாள்கள்மேல் போட்டிருந்தேன்.)

“இதுல கோளாறு ஒண்ணும் இல்ல அங்கிள். வயசானா கண்ணு ரெண்டும் ஒத்துப்போவாது. டாக்டர பாக்கது நல்லது.”

அவர் முகம் செத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார்.

காலையில் ஜெஸி போன் செய்தாள். “அப்பா ராத்திரி உறங்கல்ல. கண்ணு போனா கடைய மூட வேண்டியதுதான்னு சொல்லீட்டு கெடக்காரு. உங்களுக்கு வேற ஒண்ணும் பேசக் கெடைக்கல்லியா?”

கல்யாணம் போச்சு என்பதைவிட, ஒரு மனுஷனை இப்படிப் பயமுறுத்திவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. அன்று நான் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் அவரே வந்தார், கையில் ஸ்குரூ டிரைவரோடு. பின்னால் ஜெஸி. “டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சு,” என்றபடி நேராக மாடிக்கு ஏறினார். பைனாகுலரில் குனிந்து வலது கண்ணை மூடிப் பார்த்தார், ஒரு நிலா. இடது கண்ணை மூடினார், அப்போதும் ஒன்று. இரண்டையும் திறந்ததும் இரண்டு.

“எலே, எனக்க கண்ணு நேராத்தான் இருக்கு. உனக்க சாதனத்துக்க ரெண்டு குழலும் ரெண்டு பக்கம் பாக்குதாக்கும்.”

“தப்பு எனக்க மேலதான் அங்கிள். இடிச்சதும் நான், திருகினதும் நான்.”

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பார்ப்பதும், கால் சுற்று திருகுவதுமாக அரை மணி நேரம். பிறகு ஜெஸியிடம் சொன்னார்: “வாய் கூடுதலாக்கும். ஆனா தப்புன்னா ஒத்துக்கிடுகான். போரும்.”

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்க விட்டார். தலைவலியே இல்லை; இத்தனை நாள் என் கண்கள்தான் இரண்டு நிலாவையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கியிருக்கின்றன. நிலாவின் ஓரத்துப் பள்ளமெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. நான் தள்ளி நின்று ஜெஸிக்கு இடம் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் மாமனார் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு கண்ணை மூடி என்னைப் பார்ப்பார். அப்புறம் மற்றதை. ஜெஸியும் அப்படியே. எங்கள் நாலு வயது மகளுக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது. இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு, “அப்பாவ காணவே இல்ல” என்கிறாள்.